பாலாற்றங்கரையில் ஒரு புது மொழி: ஒலி, எழுத்து, இலக்கணம் கட்டும் முறை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் 'க' பாஷை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டு 'கநா கன் கவ கரே கன்' என்றால் 'நான் வரேன்'. விளையாட்டுக்கு அது போதும். நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ கதைக்கோ ஒரு மொழி வேண்டும் என்றால் போதாது, ஏனென்றால் உள்ளே இருப்பது முழுக்கத் தமிழ். 200 சொற்களைப் புதிதாக உருட்டி, தமிழ் வாக்கியத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வைப்பதும் இதே வேலைதான். வேற்றுமை உருபு தமிழ், வினைமுற்று தமிழ், கடைசியில் வரும் 'ஆம்'கூடத் தமிழ். கேட்கிறவன் நாலு வசனத்துக்குள் பிடித்துவிடுவான்.

கீழே உள்ள முறையில் சொல்லை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்குகிறோம். உதாரணத்துக்கு ஒரு சின்ன மொழியையும் கூடவே கட்டிக்கொண்டு போகலாம். பேசுகிறவர்கள் ஆற்றங்கரையில் படகு விட்டுப் பிழைக்கும் கற்பனைக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதே இப்போது கொஞ்சம் கற்பனைதான்.

முதலில் காதுக்கு வேலை

வேலூரில் இருப்பவர்களுக்கு இந்த வேலைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் நாலும் காதில் விழும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் வங்காளமும் சேர்ந்துகொள்ளும். பொருள் புரியாத பேச்சைத் தேர்ந்தெடுத்து, சொற்கள் எந்த ஒலியில் முடிகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரில் முடியும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருதுப் பேச்சில் பன்மை 'ஆங்' என்று மூக்கில் முடியும். ஒரு மொழியை அடையாளம் காட்டுவதில் பாதி வேலையை இந்த முடிவுகளே செய்துவிடுகின்றன.

எந்த ஒலியை விடுவது

புது ஒலிகளைச் சேர்த்தால்தான் மொழி புதிதாகத் தெரியும் என்று நினைத்து, தொண்டையில் உரசுவது, நாக்கைச் சொடுக்குவது என்று அடுக்குவார்கள். நடிக்க வருகிறவருக்கு அது வராது. ஒத்திகையிலேயே தேய்ந்து தமிழாகிவிடும். கையில் இருக்கும் ஒலிகளில் சிலவற்றை நீக்குவது சுலபம், பலனும் அதிகம். தமிழ் மணம் போக வேண்டுமானால் ட, ண, ள, ழ, ற ஐந்தையும் எடுத்துவிடுங்கள். நாக்கை மடிக்கும் ஒலிகளும் றகரமும் போனதுமே காதுக்கு வேறு ஊர் மாதிரி இருக்கும்.

நம் மொழிக்கு மெய் 11: ப, த, க, ஸ, ஹ, ம, ந, ங, ல, ர, வ. உயிர் 4: அ, இ, உ, எ. 'ஒ' வேண்டாம். குறில், நெடில் வித்தியாசமும் வேண்டாம்.

அடுத்தது எந்த ஒலி எங்கே வரலாம் என்ற சட்டம். இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு, ஏனென்றால் நன்னூல் இதைத்தான் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று பிரித்துச் சொல்கிறது. 18 மெய்யில் 8 சொல்லின் முதலில் வராது. அதனால்தான் ராமன் 'இராமன்' ஆகிறான், லோபி 'உலோபி' ஆகிறான். வல்லினம் சொல்லின் கடைசியில் நிற்காது, அதனால் கப் 'கப்பு' ஆகிறது. 'ர', 'ழ' இரண்டும் இரட்டிக்காது. இதே மாதிரி உங்கள் மொழிக்கும் மூன்று நான்கு தடைகள் எழுதுங்கள். நம் மொழியில்:

அசை என்பது ஒரு மெய், ஒரு உயிர். வேண்டுமானால் பின்னால் ஒரு மூக்கொலி. அந்த மூக்கொலி அடுத்த எழுத்துக்கு ஏற்ப ம்ப, ந்த, ங்க என்று மாறும். சொல்லின் கடைசியில் எப்போதும் 'ங்'. வேறு மெய்கள் சேர்ந்து வராது. சொல் உயிரிலோ 'ங்'கிலோ மட்டும் முடியும். 'ங' சொல்லின் முதலில் தாராளமாக வரும்.

கடைசிச் சட்டம்தான் இந்த மொழியின் முகம். தமிழில் 'அங்ஙனம்' போன்ற இடத்தைத் தவிர 'ங' தனியாகத் தலை காட்டுவதில்லை. 'ஙலு' என்று ஒரு சொல் தொடங்கினால் கேட்கிறவர் தலை நிமிர்வார். வல்லினத்தில் முடியும் சொல் வைக்காததற்கும் காரணம் இருக்கிறது. 'தப்', 'மிக்' என்று வைத்தால் தமிழ் வாய் தானாக 'தப்பு', 'மிக்கு' என்று ஒரு உகரத்தை ஒட்டிவிடும். இயக்குநர் எத்தனை முறை திருத்தினாலும் நிற்காது.

அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியிலும் அப்படித்தான். இந்த முடிவு பின்னால் உதவும்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது வரும் சிக்கல்

கடல், அகம், தங்கம், பக்கம் நாலிலும் ஒரே 'க'. ஒலி நாலு விதம். நமக்கு இடம் பார்த்து வாசிக்கப் பழகிவிட்டது. ஆனால் புது மொழியில் உயிருக்கு நடுவே வரும் 'க' எப்போதும் வன்மையாக ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்திருந்தால், 'மெக' என்று எழுதிக் கொடுத்ததும் நடிகர் மெலிதாகத்தான் சொல்வார். அது அவர் தப்பில்லை.

வழி மூன்று. சுலோகப் புத்தகங்களில் க², க³ என்று எண் போடுவது போலப் போடலாம். துல்லியமாக இருக்கும், ஆனால் வசனத்தை மனப்பாடம் செய்கிறவர் எண்ணைப் பார்க்க மாட்டார். இரண்டாவது, இடத்துக்கு ஏற்ப மெலியட்டும் என்று தமிழ் வழக்கத்துக்கே விடுவது. வேலை மிச்சம், ஆனால் விரட்டிய தமிழ் மணம் திரும்பி வந்துவிடும். மூன்றாவது, இரட்டித்து எழுதுவது: 'மெக்க'. ஒற்று கொஞ்சம் நீளமாக ஒலிக்கும். உங்கள் மொழியில் ஒற்றைக்கும் இரட்டைக்கும் பொருள் வேறுபாடு இல்லை என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த நீளத்தால் குழப்பம் வராது. மூன்றாவதுதான் நடைமுறைக்கு நல்லது. மூக்கொலிக்குப் பின்னால் மட்டும் ப, த, க மெலியும் என்று விட்டுவிடுங்கள். அங்கே தமிழ் நாக்கோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

'ஸ', 'ஹ' இரண்டுக்கும் கிரந்த எழுத்தே போதும். தூய தமிழ் எழுத்தில் எழுத வேண்டும் என்ற பிடிவாதம் இந்த வேலைக்கு ஆகாது; 'ச' என்று எழுதினால் ஆளுக்கு ஒரு விதமாக வாசிப்பார்கள்.

சொல் உருட்டுவது

11 மெய், 4 உயிர் சேர்ந்தால் 44 அசை. மூக்கொலி சேர்க்காமலே இரண்டு அசைச் சொல் மட்டும் 1,936 கிடைக்கும். ஒரு நாடகத்துக்கு 150 சொல், ஒரு நாவலுக்கு 300 சொல் தாராளம். மூக்கொலி இல்லாத ஓரசைச் சொற்களைத் தொடாமல் வையுங்கள். அவை உருபுக்கும் இடைச்சொல்லுக்கும் வேண்டும். அடிக்கடி வரும் சொல் சின்னதாக இருப்பதுதான் மொழிகளின் வழக்கம்.

மனதில் தோன்றியபடி சொல் உண்டாக்கினால் எல்லாச் சொல்லும் ஒரே சாயலில் வரும். அதனால் சீட்டு போடுங்கள். ம, ந, ல, ர வரிசைக்கு அசை ஒன்றுக்கு 3 சீட்டு. ப, த, க, வ வரிசைக்கு 2. ஸ, ஹ, ங வரிசைக்கு 1. மொத்தம் 92 சீட்டு. டப்பாவில் போட்டுக் குலுக்கி இரண்டிரண்டாக எடுத்து எழுதிக்கொண்டு, சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிடுங்கள். எண்ணிக்கையை ஏன் இப்படிக் கூட்டிக் குறைக்கிறோம் என்றால், எந்த மொழியிலும் எல்லா ஒலியும் ஒரே அளவில் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு என்று போட்டால் 'ஙஸு', 'ஹிங' என்று கூட்டமாக வந்து கேலிக்கூத்தாகிவிடும்.

பட்டியல் வந்ததும் மோதல் பார்க்க வேண்டும். வட ஆற்காட்டில் இது கட்டாயம். 'வெல' என்று வந்தால் பேச்சுத் தமிழில் விலை, தெலுங்கிலும் அதேதான். 'நெல' என்றால் குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிறவருக்கு மாதம். 'லம்பி' என்றால் ஆம்பூர்க்காரருக்கு நீளம், 'ரங்' என்றால் நிறம். பட்டியலை ஒரு தெலுங்குக்காரர் முன்னும் ஒரு உருதுக்காரர் முன்னும் சத்தமாக வாசியுங்கள். யாராவது சிரித்தால் காரணம் கேட்காமல் அந்தச் சொல்லை அடித்துவிடலாம்.

நம் உதாரணத்துக்கு இவை போதும்: ஙலு என்றால் ஆறு (நதி), மெஹ ஆள், ஸுமு படகு, லெரு நேற்று, ரிவ பார், தெமி பேசு, ஹெம சொல்லு, துங் பெரிய.

இலக்கணம்: தமிழ் செய்வதைச் செய்யாமல் இருப்பது

தமிழில் வினை கடைசியில் வரும். உலக மொழிகளில் இந்த வரிசையும், ஆங்கிலத்தைப் போல வினை நடுவில் வரும் வரிசையும்தான் மிக அதிகம். வினை முதலில் வருவது குறைவு. நாம் அதை எடுத்துக்கொள்வோம்: வினை, எழுவாய், செயப்படுபொருள். வரிசையை மாற்றியதும் மற்றவையும் கூடவே மாற வேண்டும். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட 45 பொதுவிதிகளில் ஒன்று, இப்படி வினை முதலில் வரும் மொழிகளில் 'இல்', 'ஓடு' போன்றவை பெயருக்கு முன்னால் நிற்கும் என்கிறது. அதனால் நம் மொழியில் வேற்றுமை உருபு பெயருக்கு முன்னால்: லி என்றால் 'இல்', பெ என்றால் 'உடைய'. பெயரடை பெயருக்குப் பின்னால். 'ஙலு துங்' பெரிய ஆறு. 'ஸுமு பெ மெஹ' ஆளுடைய படகு. வினையை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு உருபைத் தமிழ் போலவே ஒட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். காதுக்கு அது உடனே இடறும்.

பன்மைக்கு முதல் அசையை இரட்டிக்கலாம்: மெமெஹ ஆட்கள், ஙஙலு ஆறுகள். மூக்கொலியில் முடியும் அசை என்றால் மூக்கொலியை விட்டுவிட்டு இரட்டிக்க வேண்டும் என்று இப்போதே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் பக்கத்தில் சண்டை வரும்.

காலம்? தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு காட்டும். அதை விட்டுவிடுவோம். நேற்று, இப்போது, நாளை என்று தனிச்சொல்லால் காலம் சொல்லட்டும். அதற்குப் பதிலாக, சொல்கிற சேதி பேசுகிறவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை வினையில் கட்டாயமாக்கலாம். தமிழிலேயே இதன் விதை இருக்கிறது: 'வந்தான்', 'வந்தானாம்', 'வந்திருப்பான்'. நமக்கு இது விருப்பம். அந்தப் படகுக்காரர்களுக்குக் கட்டாயம். கண்ணால் கண்டால் 'ம', கேள்விப்பட்டால் 'ஹு', ஊகம் என்றால் 'ஙெ'.

ரிவம மெஹ ஙலு. ஆள் ஆற்றைப் பார்த்தான், நானே கண்டேன்.
ரிவஹு மெஹ ஙலு. பார்த்தானாம்.
ரிவஙெ மெஹ ஙலு. பார்த்திருப்பான்.

இதனால் வசனத்துக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. இந்த மொழியில் பொய் சொல்கிறவன் 'ம' போடுவதா 'ஹு' போடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். பஞ்சாயத்துக் காட்சி ஒன்றை அந்த ஒரு எழுத்தின் மேலேயே நடத்தலாம்.

கொஞ்சம் நீள வாக்கியம் போட்டுப் பாருங்கள்: 'ரிவம மெமெஹ ஸுமு பெ மெஹ லி ஙலு துங்.' ஆட்கள் படகைப் பார்த்தார்கள்; பெரிய ஆற்றில் இருப்பது அந்தப் படகா, படகுக்குச் சொந்தக்காரனா? தெரியாது. இதைத் திருத்த வேண்டாம். 'பெரிய வீட்டுக்காரர்' என்றால் பெரியது வீடா ஆளா என்று நாமும் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். எந்த இரட்டைப் பொருளும் வராத மொழி கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும்.

எதிர்மறைக்கு வினைக்கு முன்னால் 'வு', கேள்விக்கு வாக்கியத்தின் கடைசியில் 'நெ'. நாம், நாங்கள் இரண்டும் வேண்டுமா, நீ, நீங்க வேண்டுமா என்பது அந்தக் கூட்டத்தின் பழக்கவழக்கத்தைப் பொறுத்தது. ஒன்று மட்டும்: தமிழில் இருக்கிறது என்பதற்காகவே வைக்காதீர்கள்.

தேய விடுவது

இதுவரை வந்தது ஒழுங்கான மொழி. அளவுக்கு மீறிய ஒழுங்கு. எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், பன்மை எல்லாம் 'ஓய்' ஆகும். 1887இல் சமன்ஹாஃப் அதை வெளியிட்டபோது எல்லோரும் சுலபமாகப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். கதையில் வரும் மக்களின் மொழிக்கு அந்த நோக்கம் கிடையாது. பல தலைமுறை வாயில் கிடந்த மொழி தேய்ந்திருக்கும்.

எப்படித் தேயும் என்பதற்கு வட ஆற்காட்டுப் பேச்சே பாடம். வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும்போது ழ எல்லாம் ய. ஆனால் 'இழுத்துக்கொண்டு' என்பதில் 'ழு'வின் உகரம் விழுந்து, ழகரம் தகரத்தை ஒட்டி நின்றதும் 'இஸ்துகினு'. அதே ழ, இடம் வேறு, முடிவு வேறு. 'இருக்கிறது' முன்பக்கம் முழுக்கத் தேய்ந்து 'கீது'. கொண்டு, இரு போன்ற துணைவினைகள் அடிக்கடி வருவதால் மற்றச் சொற்களைவிட வேகமாகத் தேய்கின்றன. இதைச் சோம்பேறிப் பேச்சு என்று சொல்கிறவர்களிடம் மொழி கட்டும் வேலையைக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விதி இருக்கிறது.

நம் மொழிக்கு மூன்று விதி போதும்.

ஒன்று: உயிர்களுக்கு நடுவே வரும் 'ஹ' விழும்.
இரண்டு: அப்படி ஒட்டிக்கொண்ட உயிர்கள் சேரும், அ, உ சேர்ந்து ஓ, எ, அ சேர்ந்து ஏ. சூரிய உதயம் சூரியோதயம் ஆனதுபோல.
மூன்று: அழுத்தம் இல்லாத சொல்லிறுதி 'உ' விழும். ஓரசைச் சொல்லுக்கு இது பொருந்தாது. இருக்கிற ஒரே உயிரும் போய்விடும்.

மெஹ 'மே' ஆகிறது, மெமெஹ 'மெமே'. ஙலு 'ஙல்', ஸுமு 'ஸும்', லெரு 'லெர்'. ரிவஹு முதலில் 'ரிவஉ', பிறகு 'ரிவோ'. இப்போது வாக்கியம் 'ரிவோ மே ஙல்.' நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய 'ஒ' இனம் நெடிலாகத் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் கேள்விப்பட்ட சேதியில் மட்டும். நெடில், குறில் வேறுபாடும் வந்துவிட்டது. சொல் 'ல்', 'ம்', 'ர்' என்றும் முடிகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படிக் கட்ட முடியாது.

வரிசை முக்கியம். மூன்றாவது விதியை முதலில் ஓட்டினால் ரிவஹு 'ரிவஹ்' ஆகிவிடும். 'ஹ்' உயிர்களுக்கு நடுவில் இல்லை, அதனால் விழாது. 'ஓ' பிறக்கவே பிறக்காது. பக்கத்து ஊர்க் கிளைமொழி வேண்டுமானால் விதியைத் தொடாமல் வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

எங்கே கோளாறு வரும்? 'தெமி'யில். தெமிஹு 'தெமிஉ' ஆகி, கடைசி உகரமும் விழுந்து வெறும் 'தெமி' என்று நிற்கும். கேள்விப்பட்டதற்கான அடையாளமே போய்விட்டது. விதியைத் திருத்தி இதைத் தவிர்க்கத் தோன்றும், திருத்தாதீர்கள். வாழும் மொழி இந்த இடத்தில் வேறொரு சொல்லைத் துணைக்கு இழுக்கும். இகரத்தில் முடியும் வினைகளுக்கு மட்டும் முன்னால் 'ஹெம' வரட்டும்: 'ஹெம தெமி மே', ஆள் பேசினானாம். இப்படி ஒழுங்கற்ற வினைகள் காரணத்தோடு பிறக்கின்றன. பட்டியல் போட்டு நீங்களாகவே நாலு வினையை ஒழுங்கற்றதாக அறிவித்தால் அது செயற்கையாகத்தான் இருக்கும்.

கையேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பத்தி வையுங்கள்: இடப்பக்கம் பழைய வடிவம், வலப்பக்கம் இன்றைய ஒலி. புதுச் சொல் எப்போதும் இடப்பக்கத்தில்தான் பிறக்க வேண்டும். விதி ஓட்டித்தான் வலப்பக்கம் வர வேண்டும். நேரே வலப்பக்கத்தில் எழுதினால் ஒரு மாதத்தில் சீர் கெட்டுவிடும்.

சொந்த எழுத்து வேண்டுமானால்

அசைக்கு ஒரு குறி என்றால் 44, மூக்கொலி 1, மொத்தம் 45 குறி. இந்த 45 பழைய வடிவத்துக்குக் கணக்கிட்டது. அதனால் எழுதுவது ரிவஹு, வாசிப்பது ரிவோ என்று வரும். 'இருக்கிறது' என்று எழுதி 'கீது' என்று பேசும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

உருவம் வரையும் முன் அவர்கள் எதில் எதனால் எழுதினார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஓலைச்சுவடிகளில் மெய்ப்புள்ளியைப் பெரும்பாலும் போடாமலே விட்டார்கள். உங்கள் மக்களும் ஓலையில் எழுதியவர்கள் என்றால் புள்ளியை நம்பி எழுத்தை வேறுபடுத்தாதீர்கள். கல்லில் வெட்டிய எழுத்து எப்படி நிற்கும் என்று பார்க்க செங்கம் பக்கத்து நடுகற்களின் வட்டெழுத்துப் படங்கள் உதவும். வரைந்த ஒவ்வொரு குறியையும் வேகமாக 20 முறை எழுதிப் பாருங்கள். இருபதாவதில் எது எதோடு ஒன்றாகிவிடுகிறதோ அதை மாற்றுங்கள். தெலுங்கு எழுத்தின் சாயல் தெரியாமல் வந்துவிடும். பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கிற கை இல்லையா.

கணினியில் ஏற்ற, 'ஃபான்ட்ஃபோர்ஜ்' என்ற இலவச மென்பொருள் போதும். யூனிகோடின் அடிப்படைத் தளத்திலேயே தனிப்பயனுக்கென்று 6,400 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் 45 குறிகளையும் அங்கே வையுங்கள். எழுத்துரு இல்லாத போனில் வெறும் கட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்துகளின் இடத்திலேயே புதுக் குறியை ஏற்றுவது இன்னும் மோசம்: பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்த கதைதான். நடிகர்களுக்கு வசனத்தைத் தமிழ் எழுத்தில், இன்றைய ஒலிப்படி, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போட்டுக் கொடுங்கள். சொந்த எழுத்து கல்வெட்டுக்கும் சுவரொட்டிக்கும் மட்டும் போகட்டும், அதையும் படமாக.